அறத்தொடு நிற்பவர் யார்? பெண்–பெண் காதல் கதைகளில் பிரிவும் மீள்கூடலும்

முன்னுரை

பிரிந்தவர் மீண்டும் கூடுதல் என்பது காதல் இலக்கியத்தின் மிகப் பழைய கதைப்பொருள்களுள் ஒன்றாகும். காளிதாசரின் சாகுந்தலத்தில், காட்டில் கந்தருவ முறையால் மணந்தவளை மன்னன் மறந்துவிடுகிறான். மீன் வயிற்றிலிருந்து மீண்ட கணையாழியே அவனுக்கு அவளை நினைவூட்டுகிறது. ஜேன் ஆஸ்டினின் ‘பர்சுவேஷன்’ (1817) நாவலில், மணம் பேசி முறிந்த இருவர் எட்டாண்டுகளுக்குப் பின் சந்திக்கின்றனர். கடற்கரை ஊர் ஒன்றிற்கு மேற்கொள்ளும் உல்லாசப் பயணம் அவர்கள் உறவைத் திருப்புகிறது. ஒரு கடிதம் அதனை நிறைவு செய்கிறது. இவ்வமைப்பு மேலைநாட்டு வெகுசனப் புனைகதையில் ‘இரண்டாம் வாய்ப்பு’ என்னும் தனி வகையாகவே வளர்ந்துள்ளது. ஒருகாலத்தில் மண உறுதி செய்துகொண்டு பிரிந்த இரு பெண்கள், விடுமுறைக்குச் சென்ற இடத்தில் எதிர்பாராது சந்தித்து மீண்டும் இணையும் கதைகளும் இன்று அவ்வகையில் எழுதப்படுகின்றன.

இத்தகைய கதை இந்திய மொழிகளில் எழுதப்பட்டுள்ளதா என்னும் வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். இரு பெண்கள் காதல் கொள்வது எழுதப்பட்டுள்ளது. அவர்கள் பிரிவதோ மிகுதியாகவே எழுதப்பட்டுள்ளது. மீள்கூடல் மட்டும் அரிதாக உள்ளது. அதற்குக் காரணம் எழுத்தாளரின் துணிவின்மை என்று சொல்லிவிடுவது எளிது. அது போதிய விடையன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இங்கு விரிவாக எடுத்துக்கொள்ளப்படும் மூன்று படைப்புகளும் தமிழல்லாதவை. ஒன்று மராத்தி, ஒன்று மலையாளம், ஒன்று ராஜஸ்தானி. இத்தேர்வுக்கு இக்கட்டுரையாளர் வளர்ந்த ஊரும் ஒரு காரணம். முலுண்ட் மும்பைப் பெருநகரின் வடகிழக்கு எல்லை. புறநகர் ரயிலில் அதற்கு அடுத்த நிலையம் தாணே. ஒரே குடியிருப்பில் மராத்தி, குஜராத்தி, மலையாளம், தமிழ் ஆகியவை ஒலிக்கும் அவ்வூரில் ஒருமொழி இலக்கியத்தோடு நின்றுவிடுவது இயலாது. மேற்கு முலுண்டில் உள்ள மாநகராட்சி நாடக அரங்கு மகாகவி காளிதாசரின் பெயரைத் தாங்கி நிற்பதும் நினைவுக்கு வருகிறது. கணையாழியின் கவிஞர் பெயரிலான அரங்கின் வழியே பலமுறை நடந்தும், அக்கணையாழி எதற்காக என்று கேட்கத் தோன்ற நெடுங்காலம் ஆயிற்று.

சான்றும் கரணமும்

கணையாழி சான்றுப்பொருள். களவில் நிகழ்ந்த கூட்டத்திற்குச் சான்று இல்லையெனில், பின்னர் ஒருவர் மறுக்கும்போது மற்றவரிடம் காட்ட ஏதுமிராது. இச்சிக்கலை நம் அகமரபு வடமொழி நாடகத்திற்கு நெடுங்காலம் முன்பே உணர்ந்திருந்தது. குறுந்தொகை 25ஆம் பாடலில் கபிலரின் தலைவி, தலைவனோடு கூடிய பொழுதில் அங்கு வேறொருவரும் இல்லை என்பதையும், அவன் பொய்த்தால் தன் நிலை என்னாகும் என்பதையும் எண்ணிக் கலங்குகிறாள். அன்று ஓடுநீரில் மீனை எதிர்நோக்கி நின்றிருந்த ஒரு நாரை மட்டுமே அவள் நினைவில் உள்ள சான்று. அதுவும் தன் இரையைப் பார்த்ததேயன்றி இவர்களைப் பார்க்கவில்லை.

தொல்காப்பியர் களவொழுக்கத்தை யாழ்த்துணைமையோராகிய கந்தருவரின் இயல்போடு ஒப்பிடுகிறார். கற்பியலில், பொய்யும் பிழையும் உலகில் தலைகாட்டிய பின்னரே மணச்சடங்காகிய கரணம் சான்றோரால் வகுக்கப்பட்டது என்கிறார். அதாவது, கரணத்தின் பயன் காதலை உண்டாக்குவதன்று. உண்டான காதலை மறுக்கவியலாததாக ஆக்குவது. இன்றைய நிச்சயதாம்பூலத்தில் பலர் முன்னிலையில் பத்திரிகை வாசித்துத் தட்டு மாற்றிக்கொள்வதும் இதனையே செய்கிறது. அந்நிச்சயம் பின்னர் முறிந்தாலும், அது இருந்ததை ஊர் மறவாது. சான்று நின்றுவிடுகிறது.

களவுக்கும் கரணத்திற்கும் இடையில் அகமரபு அமைத்த பாலம் அறத்தொடு நிற்றல். தலைவியின் களவைத் தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் குறிப்பாகவோ வெளிப்படையாகவோ அறிவிப்பர். இச்சங்கிலியின் முதல் மூன்று கண்ணிகளும் பெண்களே என்பது ஈண்டு நோக்கத்தக்கது. காதலுக்கு முதற்சான்று பகர்பவள் தோழி.

எனில், காதலிப்பவர் இருவருமே பெண்களாயின் என்ன நிகழ்கிறது? பெரும்பாலும் தோழியே காதலியாகிறாள். பிறரிடம் எடுத்துரைக்க வேண்டிய வாய் காதலுக்குள்ளேயே சென்றுவிடுகிறது. அறத்தொடு நிற்க எவரும் எஞ்சுவதில்லை. இதனைக் கூறுவதால், சங்கப்பாடல்களின் தோழி–தலைவி உறவில் தன்பாலீர்ப்பு மறைந்துள்ளது என்று வாதிடுவதாகக் கொள்ளலாகாது. அத்தகைய வாசிப்புக்குப் பாடல்கள் இடந்தருவதாகத் தோன்றவில்லை. அகமரபு அளிக்கும் சொற்கருவி இங்கு பயன்படுகிறது என்பதே கூற வருவது.

1987ஆம் ஆண்டு மத்தியப்பிரதேசத்தில் இரு பெண் காவலர்கள் கந்தருவ முறையில் மணம் செய்துகொண்டனர். செய்தி வெளிப்பட்டதும் இருவரும் பணிநீக்கம் செய்யப்பட்டனர். சான்றே வேண்டாத மணமுறையின் பெயரை அவர்கள் தேர்ந்தெடுத்தது தற்செயல் எனத் தோன்றவில்லை. வேறெந்த மணமுறையும் அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை.

பாபுவின் அறை

விஜய் டெண்டுல்கரின் ‘மித்ராச்சி கோஷ்ட’ 1981இல் தாணேயின் கட்கரி ரங்காயதன் அரங்கில், முலுண்டிலிருந்து ஒரே நிலையத் தொலைவில், முதன்முதலாக மேடையேறியது. வினய் ஆப்டே இயக்கினார். நாயகி சுமித்ராவாக ரோகிணி ஹட்டங்கடி நடித்தார். பின்னாளில் இதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் சென்னையைச் சேர்ந்த கௌரி ராம்நாராயண்.

தலைப்பு சொல்விளையாட்டு உடையது. ‘நண்பரின் கதை’ என்றும் ‘மித்ராவின் கதை’ என்றும் மராத்தியில் அதற்கு இரு பொருள் உண்டு. நண்பர்கள் சுமித்ராவை அழைக்கும் பெயர் மித்ரா. ஆங்கிலம் முதற்பொருளை மட்டுமே தர இயன்றது. இழந்தது சிறிதன்று, காதலிக்கும் பெண்ணின் பெயரே நட்பு என்னும் பொதுச்சொல்லுக்குள் மறைந்து நிற்பதுதான் நாடகத்தின் மையம்.

கதை விடுதலைக்கு முந்தைய புனே நகரக் கல்லூரி ஒன்றில் நிகழ்கிறது. கூச்சமுடைய மாணவன் பாபு மித்ராவின்பால் ஈர்க்கப்படுகிறான். அவளோ தனக்கு ஆண்கள்மீது நாட்டமில்லை என்பதை அவனிடம் மட்டும் வெளியிடுகிறாள். கல்லூரி நாடகத்தில் ஆண்வேடம் ஏற்கும் மித்ரா, எதிரே நடிக்கும் நாமாவைக் காதலிக்கிறாள். சந்திக்க இடமில்லை. பாபு தன் அறையைத் தருகிறான். நாமா நிலையற்றவள், அவளை விரும்பும் ஆண் ஒருவனும் உளன். நாமா விலகுகிறாள், மித்ரா உயிரை மாய்த்துக்கொள்கிறாள். எல்லாவற்றையும் நமக்குச் சொல்பவன் பாபு.

அறையும் பாபுவுடையது, சொல்லும் பாபுவுடையது. அவன் நல்லவன், இரக்கமுள்ளவன். ஆயினும் மித்ராவின் காதல் அவன் வாடகை கொடுக்கும் நான்கு சுவர்களுக்குள்ளும் அவன் நினைவுக்குள்ளும் மட்டுமே நிகழ்ந்ததாகிறது. அவன் அறையை மூடியதும் இருவருக்கும் மீளச் சந்திக்க உலகில் ஓரிடமில்லை. டெண்டுல்கர் மரணத்தைக் கதைமுடிவாகத் தேர்ந்தார் என்று குறைகூறுவோர் இதனைக் கருதவேண்டும். மீள்கூடலுக்குரிய இடத்தை அவர் தம் நாடக உலகில் எங்கும் கட்டவில்லை என்பதே நேரிய குற்றச்சாட்டாகும். மித்ரா இறவாதிருந்தாலும் நாமாவை எங்கே சந்தித்திருப்பாள்?

சான்று பகர்பவர் ஆணாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. இஸ்மத் சுக்தாயின் ‘லிஹாஃப்’ (1942) சிறுகதையில் பேகத்திற்கும் பணிப்பெண்ணிற்கும் இடையிலான உறவுக்குச் சான்று ஒரு சிறுமி. அவள் பார்க்கிறாள், பொருள் விளங்கவில்லை. இவ்வகையில் அவள் கபிலரின் நாரைக்கு நெருங்கியவள். அக்கதைக்காகச் சுக்தாய் லாகூர் நீதிமன்றத்தில் ஆபாசக் குற்றச்சாட்டை எதிர்கொள்ள நேர்ந்தது.

திரும்பிச் செல்லும் நாள் குறித்த வருகை

மேற்குறித்த ‘இரண்டாம் வாய்ப்பு’ அமைப்புக்கு இந்திய இலக்கியத்தில் மிக நெருங்கி வருவது மாதவிக்குட்டியின் ‘சந்தனமரங்கள்’ (1988) குறுநாவல். ஆங்கிலத்தில் கமலா தாஸ் என்னும் பெயரில் எழுதிய இவர் (1934–2009) மும்பையிலும் வாழ்ந்தவர். இக்குறுநாவலை இக்கட்டுரையாளர் முதன்முதலில் அறிந்தது அச்சில் அன்று. முலுண்டில் எதிர்வீட்டு மலையாளி அக்கா ஒருவர் உரக்க வாசிக்கக் கேட்டு. சில பக்கங்களில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கதவு சாத்தியே இருந்தது.

ஷீலா மருத்துவர், தன்னினும் வயதில் மிக மூத்தவருக்கு மனைவி. இளமையில் குளக்கரையில் கல்யாணிக்குட்டி அவளைத் தழுவி முத்தமிட்ட கணம் அவள் வாழ்வின் அச்சாணி. ஷீலா வசதி படைத்தவள், கல்யாணிக்குட்டி அவ்வாறல்லள். இருவரும் வெவ்வேறு ஆடவரை மணக்கின்றனர். கல்யாணிக்குட்டியின் மணம் முறிகிறது. அவள் ஆஸ்திரேலியா செல்கிறாள். பல்லாண்டுகளுக்குப் பின் செல்வமும் தன்னுரிமையும் உடையவளாகத் திரும்பி வருகிறாள். ஷீலாவுடனான உறவைப் புதுப்பிக்க விழைகிறாள். ஷீலா துணியவில்லை. வந்தவள் மீண்டும் கடல்கடந்து போகிறாள்.

அகமரபில் பொருள்வயிற் பிரிபவன் தலைவன். கார்காலம் வந்ததும் மீள்வதாகக் கூறிச் செல்பவன் அவன். அதுவரை ஆற்றியிருப்பவள் தலைவி. பாலையின் பிரிதலும் முல்லையின் இருத்தலும் இவ்வாறு பிணைகின்றன. மாதவிக்குட்டி இப்பிணைப்பை எடுத்துக்கொண்டு அதன் உள்ளுறுப்புகளை மாற்றிவிடுகிறார். கடல்கடந்து பொருளீட்டி மீள்பவள் பெண். வீட்டில் இருப்பவளும் பெண். ஆனால் ஷீலா காத்திருந்தவள் அல்லள். காத்திருக்கிறாள் என்பதைத் தனக்கே மறைத்து வாழ்ந்தவள். பருவம் குறித்துச் சென்றவள் இல்லையாதலால், பருவம் வந்தது என்று சொல்லத் தோழியும் இல்லை. முல்லை நிலம் அங்கு உள்ளது. அதன் உரிப்பொருள் நிகழ மறுக்கிறது.

இவ்விடத்தில் ‘விடுமுறை’ என்பதன் பொருள் தெளிவாகிறது. கல்யாணிக்குட்டியின் வருகை திரும்பிச் செல்லும் நாள் குறித்த வருகை. மேலைநாட்டு வெகுசனக் கதையில் விடுமுறை விடுதலையைத் தருகிறது. அங்கு எவரும் அவர்களை அறியார். ஆகவே எவர் கேள்விக்கும் விடை சொல்ல வேண்டியதில்லை. விடுமுறை முடிந்தபின் இருவரும் சேர்ந்து வாழ ஊர் ஒன்று இருக்கும் என்னும் நம்பிக்கை அவ்விடுதலையின் அடியில் உள்ளது. ‘சந்தனமரங்க’ளில் அந்த அடித்தளம் இல்லை. வருகைக்குள் நிகழக்கூடியது யாவும் வருகையோடு முடிந்துவிடும் என்பதை ஷீலா அறிவாள். அவளுடைய மறுப்பைக் கோழைத்தனம் என்று வாசிப்பது வழக்கம். முதல் வாசிப்பில் இக்கட்டுரையாளருக்கும் அவ்வாறே தோன்றியது. இன்று அவ்வாறு தோன்றவில்லை. சில நாட்களுக்கு மட்டும் அளிக்கப்படும் இரண்டாம் வாய்ப்பு, முதற்பிரிவை மீண்டும் ஒருமுறை நடிக்கச் சொல்வதாகும். இதனை ஷீலா சரியாகவே கணிக்கிறாள். அக்கணிப்பின் விலை தன் வாழ்வு என்பதைத்தான் காலந்தாழ்த்தி உணர்கிறாள்.

குறுநாவலில் குறைகள் உள்ளன. திருப்பங்கள் நெருக்கி அடுக்கப்பட்டுள்ளன. கல்யாணிக்குட்டியின் அடங்காமையை ஆசிரியர் சில இடங்களில் மிகையாகத் தீட்டுகிறார். ஆயினும் கணவர் பாத்திரத்தை வார்த்த முறைக்காக மட்டுமே இப்படைப்பை முதல்வரிசையில் வைக்கலாம். ஆண்டுக்கணக்கில் ஏதுமறியாதவராகத் தோன்றிய அவர், மனைவியின் காதல் யாரிடம் இருந்தது என்பதைத் தாம் அறிந்தேயிருந்ததை இறுதியில் உணர்த்துகிறார். அறத்தொடு நின்றிருக்கக்கூடிய ஒரே மனிதர் அவர்; அறிந்தும் வாய்திறவாமல் முதுமைவரை வந்தவரும் அவரே. ஷீலாவின் காதல் இருந்தது என்பதற்குச் சான்று கிடைத்துவிட்டது. கிடைக்கும்போது கல்யாணிக்குட்டி எட்டாத தொலைவில் இருக்கிறாள். சாகுந்தலத்தில் கணையாழி கிடைத்தபின் கூடல் உண்டு. இங்கு கணையாழி கிடைப்பதே தண்டனையாகிறது.

பேய்களின் மாளிகை

மணம் பேசி உறுதிசெய்யப்பட்ட இரு பெண்களின் கதை ஒன்றும் நம்மிடையே உண்டு. ராஜஸ்தானி எழுத்தாளர் விஜய்தான் தேத்தா (1926–2013) நாட்டார் கதைகளின் அடியொற்றி எழுதியவற்றுள், இரட்டை வாழ்வு என்னும் பொருள்படும் தலைப்புடைய கதை அது. இரு வணிகர்கள் தம் மனைவியர் வயிற்றிலிருக்கும் குழந்தைகளுக்குப் பிறக்குமுன்பே மணம் உறுதி செய்கின்றனர். இரண்டும் பெண்ணாகப் பிறக்கின்றன. ஒருவர் வரதட்சணை ஆசையால் தம் மகளை மகனென்றே வளர்க்கிறார். ஊரறிய மணம் நடக்கிறது. பீஜா, தீஜா என்னும் அவ்விருவரும் உண்மை அறிந்தபின் பிரிவதற்கு மாறாக ஒருவரையொருவர் நேசித்துச் சேர்ந்து வாழத் துணிகின்றனர். ஊர் பகைக்கிறது. அவர்களுக்கு அடைக்கலம் தருபவன் பேய்களின் தலைவன், மாளிகையும் தருகிறான். பின்னர் பீஜா விரும்பியபடி ஆணுருவம் பெறுகிறாள். ஆணானதும் ஆதிக்கமும் வந்து சேர்கிறது, காதல் சிதைகிறது. மீண்டும் பெண்ணுருவம் பெற்ற பின்னரே இருவரும் இணைகின்றனர்.

பிரிந்தவர் கூடிய கதை இம்மூன்றனுள் இது ஒன்றே. இங்கு மட்டுமே தொடக்கத்தில் கரணம் இருந்தது என்பதையும் உடன்வைத்து நோக்கவேண்டும். தந்தையரின் பேராசையால் நிகழ்ந்த பிழைபட்ட கரணமாயினும், அது ஊர் கண்ட மணம். இருவரும் மணந்தவர் என்பதை ஊரால் வெறுக்க முடிகிறது. இல்லையென்று கூற முடிவதில்லை. பாரதச் சிகண்டியின் கதையிலும் பெண்ணொருத்தி ஆணென வளர்க்கப்பட்டு இன்னொரு பெண்ணை மணக்கிறாள். அங்கு இயக்கனிடமிருந்து பெற்ற ஆணுடல் சிக்கலுக்குத் தீர்வாகிறது. தேத்தா அதே நிகழ்ச்சியைத் தலைகீழாக்குகிறார். ஆணுடல்தான் இங்கு பிரிவு.

எனினும், வாழ இடம் கொடுத்தவன் பேய். பாபுவின் அறை, கணவரின் வீடு, பேய்த்தலைவனின் மாளிகை ஆகிய மூன்றும் ஆண்கள் உடைமையாகக் கொண்டு இரவல் தந்தவை. அவற்றுள் நிலைத்தது மனிதர் வாழாத ஒன்று.

தமிழில்

தமிழ்ப் புனைகதை ஆண்–ஆண் உறவைக் கரிச்சான் குஞ்சுவின் ‘பசித்த மானிடம்’ (1978) வழியே ஓரளவு நேர்நின்று எழுதியது. பெண்–பெண் காதலின் மீள்கூடலை மையப்பொருளாக்கி, மேற்கண்டவற்றோடு ஒப்பவைக்கத்தக்க தமிழ்ப் புனைகதை எதுவும் இக்கட்டுரையாளர் வாசிப்பில் எதிர்ப்படவில்லை. மும்பைவாழ் தமிழ் எழுத்தாளர் அம்பை பெண்களின் பயணத்தையும் தனிமையையும் நட்பையும் விரிவாக எழுதியவர். பெண்களின் வாழ்வுச் சான்றுகளைத் திரட்டும் ஸ்பாரோ ஆவணக்காப்பகத்தை 1988இல் பிறருடன் இணைந்து நிறுவியவர். சான்று என்பது பெண்வரலாற்றில் எத்துணை அடிப்படையானது என்பதை இம்முயற்சி காட்டுகிறது.

இதற்கிடையே, இலக்கியம் எழுதத் தயங்கியதை நீதிமன்ற ஆவணங்கள் எழுதத் தொடங்கிவிட்டன. 2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தோரின் இசைவான ஒருபால் உறவு குற்றமன்று என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கோரிய இரு பெண்களின் வழக்கில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று ஆணை வழங்கினார். அதற்குமுன் இப்பொருளைப் புரிந்துகொள்ளத் தாமே உளவியல் வல்லுநரிடம் அமர்ந்து கேட்டறிந்தார். மணவுரிமையை 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது; கரணம் மறுக்கப்பட்டது எனலாம். 2025 மே 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம், பெற்றோர் தடுத்துவைத்திருந்த பெண்ணொருத்தியை அவள் விருப்பப்படி செல்ல விடுத்தது; மணம் மட்டுமே குடும்பத்தை அமைக்கும் வழியன்று என்றும் கூறியது. ஆட்கொணர்வு மனு என்னும் சட்டச்சொல்லைத் தமிழ் மாணவர் ஒருவர் முதன்முறை கேட்டால் அதனை அகத்துறை ஒன்றன் பெயரென்றே எண்ணக்கூடும்.

2025 பிப்ரவரியில் வெளிவந்த ‘காதல் என்பது பொதுவுடமை’ (இயக்கம்: ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணன்) திரைப்படத்தில், தான் காதலிப்பதாக மகள் தாயிடம் கூறுகிறாள். அந்தக் காதலரை வீட்டிற்கு அழைத்து வரச் சொல்கிறாள் தாய். வந்து நிற்பவள் ஒரு பெண். முற்போக்குக் கருத்துடையவளாகத் தன்னை எண்ணியிருந்த தாய் நிலைகுலைகிறாள். திரைமொழி நோக்கில் இப்படம் சில இடங்களில் உரையாடலையே மிகுதியாக நம்புகிறது. ஆயினும் இங்கு எழுப்பப்பட்ட வினாவுக்கு அது புதிய விடை தருகிறது. தோழியும் செவிலியும் இல்லாத நிலையில் தலைவியே நற்றாயிடம் நேராக அறத்தொடு நிற்கிறாள். இடம் எவரோ இரவல் தந்த அறையன்று. தாயின் வீடு, பகல் வேளை, உணவு மேசை.

இறுதியாக ஒன்றைக் குறிப்பிட வேண்டியுள்ளது. 2024இல் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு மாணவி ஒருவரின் தலைப்பு, குழு ஒன்றின் முன் வந்தது. ‘தென்னிந்தியப் புனைகதைகளில் பெண்–பெண் காதல்’ என்பது அவர் அளித்த தலைப்பு. காதல் என்பதைத் ‘தோழமை’ என்று மாற்றினால் சிக்கலிருக்காது எனக் குழுவில் ஒருவர் அன்போடுதான் கூறினார். மாணவி எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். இக்கட்டுரையாளரும் அக்குழுவில் இருந்தார், எதுவும் பேசவில்லை. ஐந்து மணித்துளிகளில் தலைப்பு மாற்றப்பட்டுக் கையொப்பங்கள் இடப்பட்டன. பால்புதுமையர் உள்ளிட்ட சொற்களைத் தமிழ்நாடு அரசு, உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலால், அரசிதழில் சொற்றொகுதியாக வெளியிட்டு அப்போது இரண்டாண்டுகள் ஆகியிருந்தன.